அடையாள அட்டையும் கடை முகப்பும்: மலாயா, சிங்கப்பூரில் ஒரு பதிவேட்டின் வரலாறு (1948–2025)

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர்க்கு அடையாள அட்டை உடலோடு ஒட்டிய ஒரு பொருளாகும். பேச்சுத் தமிழில் 'ஐ.சி.' என்று வழங்கும் அவ்வட்டையை அரசு அலுவலகத்தில் நீட்டுவது இயல்பு. ஆனால் கைப்பேசிக் கடையிலும், பேரங்காடியின் முகப்பிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவற்கூடத்திலும், பெட்ரோல் நிலையத்திலும் நாம் அதனை நீட்டி வந்திருக்கிறோம். வாங்கியவர் அதனைக் கண்ணால் பார்த்துத் திருப்பித் தந்த காலம் ஒன்று உண்டு. பின்னர் பல இடங்களில் ஒரு வருடி அதனைப் படிக்கத் தொடங்கியது. படித்ததைக் கணினி வைத்துக்கொண்டது. அவ்வாறு வைத்துக்கொண்ட தகவல் யாரிடம் செல்கிறது, எப்போது அழிகிறது என்பது அட்டையை நீட்டியவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இச்சிக்கலைக் கணினிக் காலத்தின் விளைவாகக் கருதுவதே பெருவழக்கு. இக்கட்டுரை அக்கருத்திலிருந்து வேறுபடுகிறது. கடைக்காரர் ஒருவர் தம்மிடம் பொருள் வாங்குபவரின் அட்டை எண்ணைக் குறித்து வைக்கும் வழக்கம் மலாயாவில் 1950களின் தொடக்கத்திலேயே, அரசாணையின் பேரில் தோன்றிவிட்டது. வருடி புதியதே ஆயினும், அது செய்யும் வேலை பழையது. அப்பழைய வேலையின் வரலாற்றைத் தொகுத்து நோக்குவதும், அவ்வரலாற்றிலிருந்து இன்றைய நடைமுறைகளை மதிப்பிடுவதற்கு உரிய ஓர் அளவுகோலைப் பெறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அவசரகாலமும் முதல் அட்டையும்

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாப் பொதுவுடைமைக் கட்சியினர் காட்டுக்குள் சென்று ஆயுதம் ஏந்திய சூழலில், ஆட்சியாளர்க்கு முதற்பெருஞ்சிக்கலாக இருந்தது ஆளை அறிவதே ஆகும். தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் யார், காட்டிலிருந்து வந்து போகிறவர் யார் எனப் பிரித்தறிய அவர்களிடம் வழியில்லை. ஆகவே அவ்வாண்டிலேயே மக்கள் பதிவு தொடங்கப்பட்டது. மலாயாக் கூட்டரசில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் தந்து அட்டை பெற வேண்டும் என விதிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் அதே 1948இல் காகித அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன.

இவ்வட்டையின் பிறப்புச் சூழல் கருதத்தக்கது. வாக்குரிமைக்காகவோ, கல்விக்காகவோ, மருத்துவத்துக்காகவோ அது பிறக்கவில்லை. ஐயத்துக்குரியவரை ஐயத்துக்கு இடமில்லாதவரிடமிருந்து பிரிப்பதற்காகவே பிறந்தது. காட்டிலிருந்தோர் இதனை உடனே உணர்ந்தனர். தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் மக்களின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தனர், எரித்தனர். இதனால் இருபுறமும் நெருக்குண்டவர் எளிய தொழிலாளரே. அட்டையை வைத்திருந்தால் காட்டிலிருந்து வருபவர்க்குப் பகை. அட்டை இல்லாவிடின் காவல்துறையினர்க்கு ஐயம். லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரும், காட்டோரக் குடியிருப்புகளில் வாழ்ந்த சீனரும் இந்நெருக்கடியை ஒருங்கே அறிந்தவர்கள்.

கடைக்காரரின் ஏடு

1950ஆம் ஆண்டு லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், அவர்களுள் பெரும்பாலோர் சீனர், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒன்றுகூட்டப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. இத்திட்டத்தின் அடுத்த கட்டமாக 1951இன் நடுப்பகுதியில் உணவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. காட்டிலிருப்போரைப் பட்டினியால் பணியவைப்பதே அதன் குறிக்கோள். வேலைக்குச் செல்வோர் உணவுப் பொருள் எதனையும் வாயிலுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்று விதிக்கப்பட்டது. விடியற்காலையில் பால்வெட்டச் செல்லும் ஆணும் பெண்ணும் வாயிலில் சோதனைக்கு உட்பட்டனர்.

இக்கட்டுப்பாட்டின் நடுவில் நின்றவர் கடைக்காரர். அரிசி, சர்க்கரை, தகரத்தில் அடைத்த மீன், மருந்து முதலியன கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. தகரத்தில் அடைத்த உணவை விற்கும்போது, அதனைச் சேமித்து வைக்க இயலாதவாறு தகரத்தில் துளையிட்டே தர வேண்டும். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இத்தகைய பொருள்களை விற்பவர், வாங்கியவர் யார், அவருடைய அடையாள அட்டை எண் என்ன, வாங்கிய அளவு எவ்வளவு என்பனவற்றை ஏட்டில் பதிந்து, அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டியிருந்தது. வாடிக்கையாளரின் அட்டை எண்ணும் அவர் வாங்கிய பொருளும் ஒரே வரியில் எழுதப்பட்ட பதிவேடு மலாயாவில் இவ்வாறே வழக்கிற்கு வந்தது.

இவ்வேட்டை, மலாயாக் கடைகளில் நன்கறியப்பட்ட மற்றோர் ஏட்டுடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். அதுவே '555' எனப்படும் சிறு குறிப்புப் புத்தகம். மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்த மளிகைக் கடைக்காரர்கள் பற்று வரவை அதில் எழுதினர். அங்கும் பெயர் உண்டு, பொருள் உண்டு, அளவு உண்டு. ஆனால் அந்தப் பதிவு இருவருக்கும் உரியது. வாங்குபவர் அதனைப் பார்க்கலாம், கணக்குப் பிழைத்திருந்தால் கேட்கலாம், கடனைத் தீர்த்ததும் அடித்துவிடச் சொல்லலாம். அவசரகாலத்து ஏட்டில் இவற்றுள் ஒன்றுகூட வாங்குபவர்க்கு இல்லை. அது கடையில் இருந்தாலும் கடைக்காரருக்கு உரியதன்று. வாங்குபவரைப் பற்றியது என்றாலும் அவர்க்கு உரியதன்று. மூன்றாம் ஒருவர் படிப்பதற்காகவே எழுதப்பட்டது. ஒரே கடையில், ஒரே மனிதரைப் பற்றி, இருவேறு இயல்புள்ள ஏடுகள் இருந்தன என்பது பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாத குறிப்பாகும்.

ஒரே பேரரசு, இருவேறு முடிவு

இவற்றையெல்லாம் போர்க்காலத் தேவை எனக் கூறி அமைதல் எளிது. காட்டில் போர் நடந்தது உண்மையே. தோட்டங்களில் உயிர்கள் பறிபோனதும் உண்மையே. எனினும், தேவை முடிந்தபின் அட்டையை என் செய்வது என்னும் வினாவிற்கு அதே பேரரசு இருவேறு இடங்களில் இருவேறு விடை தந்தது.

பிரிட்டனில் 1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அடையாள அட்டை கொண்டுவரப்பட்டது. அங்கும் அது உணவுப் பங்கீட்டுடன் பிணைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த பின்னரும் அட்டை நீடித்தது. காவலர்கள் சிறு காரணங்களுக்கும் அதனைக் கேட்கலாயினர். 1950 டிசம்பரில் இலண்டனின் வடபகுதியில் காரோட்டிச் சென்ற கிளாரன்ஸ் வில்காக் என்பார் காவலரிடம் அட்டையைக் காட்ட மறுத்தார். 1951இல் வழக்கு மேல்நிலைக்குச் சென்றது. தலைமை நீதிபதி கோடார்டு பிரபு சட்டப்படி வில்காக்கின் குற்றத்தை உறுதி செய்தார். ஆயினும், பாதுகாப்புக்கென இயற்றிய சட்டத்தை வேறு செயல்களுக்குப் பயன்படுத்துவது தகாது என்றும், எல்லாரிடமும் அட்டை கேட்பது சட்டத்தை மதிக்கும் மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே பகையையே வளர்க்கும் என்றும் கருத்துரைத்தார். 1952 பிப்ரவரி 21ஆம் நாள் பிரிட்டனில் அடையாள அட்டை நீக்கப்பட்டது.

அதே 1952 பிப்ரவரியில்தான் ஜெனரல் ஜெரால்டு டெம்பளர் உயர் ஆணையராக மலாயாவிற்கு வந்தார். அடுத்த மாதம் தஞ்சோங் மாலிம் நகரத்தின்மீது 22 மணிநேர ஊரடங்கையும் அரிசிப் பங்கீட்டுக் குறைப்பையும் தண்டனையாக விதித்தார். இலண்டனில் குடிமகனின் மனக்குறை அட்டையை முடிவுக்குக் கொண்டுவந்த அதே காலத்தில், மலாயாவில் அட்டையும் அரிசியும் மேலும் இறுகப் பிணைந்தன. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதற்கு முன்பே, 1959இல் இயற்றப்பட்ட தேசியப் பதிவுச் சட்டம் அடையாள அட்டையை நிலையானதாக ஆக்கியிருந்தது. சிங்கப்பூர் தன் விடுதலை ஆண்டாகிய 1965இல் தேசியப் பதிவுச் சட்டத்தை இயற்றி, 1966இல் மக்களை மீண்டும் பதிவு செய்தது.

புதிய நாடுகள் அட்டையைக் கைவிடாமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. குடியேறியவர் மிகுந்த நாட்டில் குடிமகன் யார் எனத் தெளிவுபடுத்தும் சான்று தேவைப்பட்டது. வாக்களிக்கவும், பள்ளியில் சேரவும், வீடு பெறவும் அது பயன்பட்டது. அட்டையைக் கட்டாயச் சுமையாகக் கண்ட தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அதனை உரிமைச் சான்றாகக் கண்டது.

அட்டையின் நிறம்

மலேசியத் தமிழர் இம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள். மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டையும், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டையும் வழங்கப்பட்டன. 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என விதித்தது. பல்லாண்டுகள் தோட்டங்களில் உழைத்தும் குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காத தமிழர் பலர் இதனால் வேலையிழந்தனர். அதன்பின் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாக ஆய்வாளர் குறிப்பர். 'சிவப்பு ஐ.சி.' என்னும் தொடர் மலேசியத் தமிழரிடையே இன்றும் ஒரு வாழ்க்கைநிலையைச் சுட்டும் சொல்லாக நிலவுவது இவ்வரலாற்றின் எச்சமாகும்.

கடை முகப்பில் அட்டையை நீட்டுவது தனியுரிமை பற்றிய செய்தி மட்டுமன்று என்பதை இது புலப்படுத்துகிறது. அட்டையை நீட்டும்போது பெயரோடு சட்டநிலையும் வெளிப்படுகிறது. அதன் நிறத்தைக் கண்ட அளவிலேயே எதிரில் நிற்பவர் குடிமகனா அல்லரா என்பது தெரிந்துவிடும். வசதியுள்ளவர்க்கு எரிச்சலாக மட்டும் தோன்றும் ஒரு செயல், நிலை உறுதியற்றவர்க்கு அச்சமாக அமையலாம்.

எந்திரம் படிக்கும் அட்டை

1990களில் அட்டையின் இயல்பு மாறியது. மலேசியா 1990இல் 12 இலக்க எண்ணை அறிமுகப்படுத்தியது. அவ்வெண் வெறும் வரிசை எண் அன்று. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். 08 எனில் பேராக், 10 எனில் சிலாங்கூர். இறுதி இலக்கம் ஒற்றையெனில் ஆண், இரட்டையெனில் பெண். ஆகவே எண்ணை அறிந்தவர் வயது, பிறந்த இடம், பால் ஆகிய மூன்றையும் அறிந்தவராகிறார். சிங்கப்பூர் 1991இல் கடன் அட்டையளவிலான புதிய அட்டையை வழங்கியது. அதிலுள்ள பட்டைக்குறியை வருடியால் படித்து எண்ணைப் பெற முடிந்தது. 2001 செப்டம்பரில் மலேசியா பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு பகுதியாக மைகாட் அட்டையை வெளியிட்டது. சில்லுக்குள் விரல்ரேகை முதலிய தகவல்களைக் கொண்ட அவ்வட்டை, ஓட்டுநர் உரிமம், சிறுதொகைப் பணப்பை ஆகியவற்றையும் ஒன்றிணைக்க முயன்றது.

அட்டையை எந்திரம் படிக்கத் தொடங்கிய பின்னர், பதிவு செய்வதற்கு உழைப்புத் தேவையில்லாமல் போயிற்று. 1951இன் கடைக்காரர் ஒவ்வோர் எண்ணையும் கையால் எழுத வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே ஒரு வரம்பாக இருந்தது. கட்டாயமில்லாத இடத்தில் எவரும் எழுதவில்லை. பட்டைக்குறி வந்தபின் பதியாமல் விடுவதைவிடப் பதிவதே எளிதாயிற்று. அதிர்ஷ்டக் குலுக்கு, உறுப்பினர் சலுகை, வாகன நிறுத்தக் கட்டணக் கழிவு, மிதிவண்டி வாடகை எனச் சிறுசிறு காரணங்களுக்கெல்லாம் அட்டை எண் கேட்கப்பட்டது. சட்டம் கேட்காத இடத்தில் வணிகம் கேட்டது. மக்களும் பழக்கத்தினால் தந்தனர்.

சட்டமே கேட்ட இடமும் ஒன்றுண்டு. முன்பணக் கைப்பேசிச் சில்லுகளை வாங்குவோர் பதிவு செய்ய வேண்டும் எனச் சிங்கப்பூர் 2005இலும் மலேசியா 2006இலும் விதித்தன. குற்றத் தடுப்பு இதற்குக் கூறப்பட்ட காரணம். இதனால் தெருமுனைக் கைப்பேசிக் கடை, அவசரகாலத்து மளிகைக் கடைபோல், அரசின் பதிவகமாக ஆயிற்று. இதன் விளைவுகள் இரண்டை இங்குச் சுட்டலாம். 2017 அக்டோபரில் மலேசியத் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் தகவல்கள் கசிந்தமை வெளியாயிற்று. 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள், அவற்றோடு பெயர், முகவரி, அடையாள அட்டை எண் முதலியவை அதில் இருந்தன. நாட்டின் மக்கள்தொகையைவிட அவ்வெண்ணிக்கை மிகுதி. 2021இல் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் கைப்பேசிக் கடையொன்றின் உரிமையாளருக்குப் பணத்தண்டம் விதித்தது. சில்லு வாங்க வந்தவர்களின் தகவலைக் கொண்டு, அவர்கள் அறியாமல் அவர்கள் பெயரில் வேறு சில்லுகளைப் பதிந்து அவர் பிறர்க்கு விற்றிருந்தார். குற்றவாளியைக் கண்டறியக் கொண்டுவந்த பதிவே, குற்றவாளி மறைவதற்குரிய பிறர் பெயரையும் தந்தது.

சட்டத்தின் வருகை

வழக்கம் வேரூன்றிய பின்னரே சட்டம் வந்தது. மலேசியாவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் திரட்டப்படும் தகவலையே அது கட்டுப்படுத்துகிறது. கூட்டரசும் மாநில அரசுகளும் அதன் வரம்பிற்குள் இல்லை. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் குடியிருப்புக் காவலாளிகளுக்கு இல்லை என்பதைத் தேசியப் பதிவுத்துறையும் மக்களுக்கு நினைவூட்டி வந்துள்ளது.

சிங்கப்பூரின் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. தகவல் பாதுகாப்பு விதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அடையாள அட்டை எண்ணைப் பற்றிய தனி வழிகாட்டி நெறிகள் 2018இல் வெளியிடப்பட்டு 2019 செப்டம்பர் 1 முதல் செயற்பட்டன. சட்டம் வேண்டும் இடத்திலோ, ஆளை ஐயந்திரிபற அறிய வேண்டிய இடத்திலோ அன்றி, தனியார் அமைப்புகள் எண்ணைத் திரட்டுதலும், அட்டையைப் படியெடுத்தலும், அட்டையையே பிடித்து வைத்தலும் கூடா என்பது அந்நெறிகளின் சாரம். இங்கும் அரசு அமைப்புகள் அச்சட்டத்திற்குப் புறம்பானவை. அவற்றுக்கு வேறு விதிகள் உள்ளன.

இந்நெறிகள் ஒரு நுண்ணிய வேறுபாட்டை ஏற்றுக்கொண்டன. வயதை உறுதிசெய்ய அட்டையைப் பார்த்துத் திருப்பித் தருவது வேறு; அதன் எண்ணைத் திரட்டுவது வேறு. மது விற்கும் கடைக்கு வாங்குபவர் உரிய வயதினரா என்பது தெரிந்தால் போதும். பெயரோ, எண்ணோ, முகவரியோ தேவையில்லை. எழுபது ஆண்டு வரலாற்றில் இவ்வேறுபாடு எழுத்துவடிவில் இத்துணைத் தெளிவாக இடம்பெற்றது ஒரு திருப்பம் எனலாம்.

பெருந்தொற்றுக் காலம்

நெறிகள் செயற்பட்டு எட்டு மாதங்கள் நிறைவதற்குள் கொவிட்-19 பெருந்தொற்று அவற்றைச் சோதனைக்கு உட்படுத்தியது. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் கேலாங் சிராய் உள்ளிட்ட நான்கு சந்தைகளில், அட்டை எண்ணின் இறுதி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைக் கொண்டு மக்கள் நாள்விட்டு நாள் அனுமதிக்கப்பட்டனர். 2020 மே 12 முதல் பேரங்காடிகள் உள்ளிட்ட பல இடங்களில் சேஃப்என்ட்ரி வருகைப் பதிவு கட்டாயமாயிற்று. கைப்பேசி இல்லாத முதியவர்களின் அட்டையிலுள்ள பட்டைக்குறியைக் கடை ஊழியர்கள் வருடிப் பதிந்தனர். மலேசியாவில் மைசெஜாத்ரா செயலியும் கடைவாயிற் குறிப்பேடுகளும் அதே பணியைச் செய்தன.

இப்பதிவுகள் உயிர்காப்பதற்கு உதவின என்பதில் ஐயமில்லை. வரலாற்று மாணவர் கருத வேண்டியது வேறொன்று. டிரேஸ்டுகெதர் செயலியின் தகவல் நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று மக்கள் நம்பியிருந்தனர். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதனைப் பெற இயலும் என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்களிடையே எழுந்த மனக்குறையைத் தொடர்ந்து, அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அப்பயன்பாட்டை வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. 2023 பிப்ரவரியில் இவ்வமைப்புகள் நிறுத்தப்பட்டன. 1948இன் பதிவோடு ஒப்பிடுங்கால் இங்கு இரண்டு முன்னேற்றங்களைக் காணலாம்: மக்களின் வினாவிற்கு விடை கிடைத்தது, பதிவிற்கு ஒரு முடிவும் இருந்தது. எனினும் வரம்பு பின்னரே வந்தது என்னும் பழைய வரிசைமுறை மாறவில்லை.

எண் மறைபொருளா, பெயர்போல் பொதுவானதா என்னும் வினாவும் தீர்ந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரின் வணிகப் பதிவுத் தளமாகிய பிஸ்ஃபைல் முழு அடையாள எண்களை எவரும் தேடிக் காணும் வகையில் சில நாள்கள் வெளிப்படுத்தியது. அரசு வருத்தம் தெரிவித்தது. அதனோடு, எண் ஆளைக் குறிக்கும் பெயர் போன்றதே, அதனைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதே பிழை என்றும் விளக்கியது. கொள்கையளவில் இவ்விளக்கம் பொருத்தமானதே. ஆனால் பல்லாண்டுகளாக வணிக நிறுவனங்கள் எண்ணை அறிந்தவரையே அதற்குரியவராகக் கொண்டு பழகிவிட்ட நிலையில், எண் வெளிப்படுவது வெறும் பெயர் வெளிப்படுவதற்கு ஒப்பாகாது.

மீண்டும் அரிசியும் அட்டையும்

2025ஆம் ஆண்டில் மலேசியாவில் அடையாள அட்டை மீண்டும் மளிகைக் கடை முகப்பிற்கு வந்தது. சாரா எனப்படும் அடிப்படை உதவித் திட்டத்தின்கீழ் 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் அனைவர்க்கும் ஒருமுறை 100 ரிங்கிட் வழங்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, மைகாட் அட்டையைக் கடையில் காட்டி அரிசி, முட்டை, சமையல் எண்ணெய் முதலிய பொருள்களை அத்தொகைக்கு வாங்கலாம் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியது. குடிமக்கள் பெட்ரோல் நிலையத்தில் மைகாட் வழியாகத் தம் தகுதியை உறுதிசெய்து, அப்போதைய விலையில் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு ரோன்95 எண்ணெய் பெற்றனர்.

1951இன் உணவுக் கட்டுப்பாட்டையும் 2025இன் உதவித் திட்டத்தையும் ஒன்றாகக் கருதுவது பெரும்பிழை. முன்னது உணவைத் தடுப்பதற்கு. பின்னது உணவைத் தருவதற்கு. மானியம் உரியவரைச் சேர வேண்டும் என்னும் நோக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை பயப்பது. ஆயினும் அவற்றின் அமைப்பில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கடைமுகப்பே ஆளை அறியும் இடம். இரண்டிலும் அட்டையும் அடிப்படைப் பொருளும் ஒரே கணத்தில் சந்திக்கின்றன. இரண்டிலும் அட்டை இல்லாதவர்க்கு வழியில்லை. இரண்டாவது ஒற்றுமை தனியுரிமை பற்றியது. மூன்றாவது நீதி பற்றியது. பிறப்புச் சான்றிதழ் இன்றி, நீல அட்டை கிட்டாமல் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் உள்ள நிலையில் இவ்விரண்டையும் தனித்தனியே பேச இயலாது. அட்டை உள்ளவர் தம்மைப் பற்றி அளவுக்கு மீறிய பதிவு இருக்குமோ என வருந்துகிறார். அட்டை இல்லாதவர் தம்மைப் பற்றி ஒரு பதிவும் இல்லையே என வருந்துகிறார்.

காட்டுதலும் பதிதலும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். அட்டையைக் கேட்கும் செயலில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது காட்டுதல், பார்ப்பவர் கண்ணோடு அது முடிந்துவிடும். இரண்டாவது பதிதல், பார்த்தது ஓர் ஏட்டிலோ கணினியிலோ தங்கும். மூன்றாவது பகிர்தல், தங்கியது பதிந்தவரைக் கடந்து பிறரிடம் செல்லும். வருடி இம்மூன்றையும் ஒரே அசைவாகத் தோன்றச் செய்கிறது. அதனால் காட்டுவதற்கு இசைந்தவர் பதிவதற்கும் பகிர்வதற்கும் இசைந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறார். இன்றைய கவலையின் வேர் இதுவே.

தமிழாசிரியர் நோக்கத்தக்க சொல்லாட்சியும் இங்கு உண்டு. 'தனியுரிமை' என்னும் சொல்லைக் கேட்பவர், மறைத்து வைப்பதற்குரிய உரிமை என்றே பெரும்பாலும் பொருள்கொள்கின்றனர். மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர்க்கு இவ்வுரிமை எதற்கு என்னும் வினாவும் அதனாலேயே எழுகிறது. '555' ஏடு அதற்கு விடை தருகிறது. கடன் வாங்கிய தொழிலாளி கடைக்காரரிடம் எதனையும் மறைக்கவில்லை. தம் வறுமையையும்கூட அவர் அறியத் தந்தார். ஆனால் தம்மைப் பற்றிய பதிவைக் காணவும், திருத்தவும், முடிக்கவும் அவருக்கு வழியிருந்தது. தனியுரிமை என்பதை மறைக்கும் உரிமையாகக் கொள்வதைவிட, தம்மைப் பற்றிய கணக்கில் தமக்கும் பங்கு கேட்கும் உரிமையாகக் கொள்வதே நம் வரலாற்றுக்குப் பொருந்துகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. கடையில் அடையாள அட்டையைப் பதியும் வழக்கம் கணினியால் தோன்றியதன்று. அவசரகாலத்து உணவுக் கட்டுப்பாட்டில் வேர்கொண்டது. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு மெய்யான தேவையொன்று காரணமாக இருந்தது: போர், குற்றத் தடுப்பு, நோய்த் தடுப்பு, மானியப் பங்கீடு. ஒவ்வொரு முறையும் பதிவு முன்னே வந்தது. வரம்பு பின்னே வந்தது. தேவை மெய்யானது என்பதனால் பதிவின் அளவும் காலமும் சரியாகிவிடா.

ஆகவே அட்டையைக் கேட்கும் கடையிடம் மூன்று வினாக்களை எழுப்புவது குடிமகனின் கடமையாகிறது. பார்த்தால் போதுமா, பதிய வேண்டுமா? பதிந்ததை நான் காண முடியுமா? அது எந்நாளில் அழியும்? இவ்வினாக்களை வகுப்பறையில் எழுப்புவதற்கு வரலாற்றுப் பாடமும் மொழிப் பாடமும் ஏற்ற களங்களாகும்.

இத்துறையில் இனிச் செய்யத்தக்க பணியொன்றும் உண்டு. 1951இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர்க்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. வாயிற்சோதனையையும், துளையிட்ட தகரத்தையும், கடைக்காரர் எண் எழுதிய ஏட்டையும் கண்ட தோட்டத்து மக்களின் நினைவுகள் தமிழில் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியுள்ளன. அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளில் அட்டை கேட்டவரின் குரலே கேட்கிறது. அட்டையை நீட்டியவரின் குரலைப் பதிவு செய்யும் பொறுப்பு, அவர்தம் இசைவோடும் அவர் காணத்தக்க வகையிலும் பதிவு செய்யும் பொறுப்பு, தமிழ் ஆய்வாளரையும் ஆசிரியரையும் சார்ந்தது.